கிலுகிலுப்பை தெரியும்; அதன் வேருக்குள் நடப்பது தெரியுமா?

இங்கிலாந்தில் ஒரு மஞ்சள் பூச்செடிக்கு எதிராக நாடாளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது, தெரியுமா? அதுவும் இரண்டு முறை! 1959-ல் வந்த களைச் சட்டத்தில் ஐந்தே ஐந்து செடிகளின் பெயர் இருக்கிறது. அதில் ஒன்று ராக்வொர்ட். அது போதாதென்று 2003-ல் ராக்வொர்ட்டுக்கென்றே இன்னொரு சட்டம். நேரில் பார்த்தால் சாதுவான செடி. இடுப்பளவு உயரம், உச்சியில் கொத்துக் கொத்தாய்ச் சின்னச் சின்ன மஞ்சள் பூ, சூரியகாந்திக் குடும்பம். செய்த குற்றம், குதிரையின் ஈரலைக் கெடுப்பது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் மான் தீவில், அதே ராக்வொர்ட்தான் தேசியப் பூ!

சரி, கோவைப் பக்கம் இருக்கிற நம் அன்னூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ராக்வொர்ட்டை இங்கே வளர்ப்பது வீண் முயற்சி. ஒரு குளிர்காலத்தைத் தாண்டினால்தான் பூக்கிற ஜாதி அது. நம் சித்திரை வெயிலுக்கு நிற்காது. ஆனால் ராக்வொர்ட்டின் உடம்பில் இருக்கிற அதே வகை நஞ்சோடு, அதே மஞ்சளில் பூக்கிற வேறொரு செடியை நாமே காசு கொடுத்து விதை வாங்கி, காடு முழுக்கத் தூவி, பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழுது அடுத்த வெள்ளாமைக்கு உரமாக்குகிறோம். சணப்பை! வரப்போரத்தில் தானாக முளைத்து, காய் காய்ந்ததும் கலகலவென்று ஆடுகிற, பிள்ளைகள் பறித்துக் காதோரம் ஆட்டிப் பார்க்கிற கிலுகிலுப்பை அதன் கூடப்பிறப்பு. இரண்டும் க்ரோட்டலேரியா என்ற ஒரே பேரினம். உலகம் முழுக்கச் சுமார் 700 வகை இருக்கின்றன, பெரும்பகுதி ஆப்பிரிக்காவில்.

இங்கேதான் ஆச்சரியம் ஆரம்பிக்கிறது. ராக்வொர்ட் சூரியகாந்திக் குடும்பம். சணப்பையும் கிலுகிலுப்பையும் அவரைக் குடும்பம். குளம் வற்றும்போது படுகையில் பூங்கதிரைத் தேளின் வால் மாதிரி சுருட்டிக்கொண்டு முளைக்குமே தேள்கொடுக்கு, அது மூன்றாவது குடும்பம். மூன்றுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆனாலும் மூன்றும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற ஒரே வகை நஞ்சைச் சமைக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதா?

இல்லை. தனித்தனியாகக் கண்டுபிடித்தன! 1999-ல் ஜெர்மனியின் டீட்ரிஹ் ஓபர், தாமஸ் ஹார்ட்மன் இருவரும் ராக்வொர்ட் இனத்தில் இதன் மூலத்தைத் தோண்டி எடுத்தார்கள். செடி, பூச்சி, மனிதன் என்று வித்தியாசம் இல்லாமல் நம் எல்லோர் செல்லுக்குள்ளும் ஒரு நொதி இருக்கிறது. அது இல்லாவிட்டால் செல் பிழைக்காது. ஏதோ ஒரு காலத்தில் அந்த நொதிக்கான மரபணு செடிக்குள் தற்செயலாக இரண்டாகிவிட்டது. ஒன்று பழைய வேலையைப் பார்க்க, சும்மா இருந்த மற்றொன்று நஞ்சுக்கு முதல் படி போடப் பழகிக்கொண்டது. பிறகு வந்த ஆய்வுகள் இதே கூத்து வேறு வேறு குடும்பங்களில் தனித்தனியாக நடந்திருப்பதைக் காட்டின. உயிருக்கு அவசியமான சாமானை எடுத்து, உபரியாக இருந்ததில் விஷம் செய்திருக்கின்றன. அதுவும் ஒருமுறைக்கு நாலுமுறை!

வேரைப் பிடுங்கிப் பாருங்கள்

இதைவிடப் பெரிய ஆச்சரியம் கிலுகிலுப்பையின் வேரில் இருக்கிறது. செடியை மெதுவாகப் பிடுங்கி மண்ணை உதறினால் வேரெல்லாம் சின்ன முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் வீடு அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பயறு போட்ட எந்த விவசாயியும் சொல்வார்.

தெரியாத கதை 2015-ல் வந்தது. அதே ஓபரின் ஆய்வுக்குழு, கிலுகிலுப்பை இனத்துச் செடியை ரைசோபியம் இல்லாத மண்ணில் வளர்த்துப் பார்த்தது. முடிச்சு வரவில்லை, நஞ்சும் வரவில்லை! ரைசோபியத்தைச் சேர்த்ததும் முடிச்சு வந்தது, கூடவே நஞ்சும் வந்தது. நஞ்சுக்கு முதல் படி போடும் நொதி அந்த வேர்முடிச்சுக்குள் மட்டும்தான் வேலை செய்கிறது. அங்கே தயாராவதுதான் மேலேறி இலைக்கும் விதைக்கும் போகிறது.

நினைத்துப் பாருங்கள். மண்ணிலிருந்து வந்த ஒரு விருந்தாளி உள்ளே குடியேறினால்தான் செடிக்கு ஆயுதமே கிடைக்கிறது. அவரைக் குடும்பத்தில் எத்தனையோ செடி பாக்டீரியாவிடம் சோறு வாங்குகிறது. சோற்றோடு சேர்த்துத் தற்காப்பையும் அதே முடிச்சில் அமைத்துக்கொண்ட சாமர்த்தியம் இதனுடையது.

அந்த நஞ்சுமே ஒரு தந்திரசாலி. செடிக்குள் இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. கரையக்கூடிய, சாதுவான வடிவத்தில் கிடக்கும். மாடோ குதிரையோ மனிதனோ தின்றால், விஷத்தை முறிக்க வேண்டிய நம் ஈரல்தான் அதை மாற்றி உண்மையான விஷமாக்குகிறது. ஈரலே தன் கையால் தனக்குக் குழி தோண்டிக்கொள்கிறது! கிலுகிலுப்பை இனத்திலிருந்து கிடைக்கும் மோனோக்ரோட்டலின் என்ற நஞ்சை ஒரே ஒரு ஊசியாக எலிக்குப் போட்டால், சில வாரங்களில் அதன் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிவிடும். அந்த நோய்க்கு மருந்து தேடும் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக இந்த வழியில்தான் எலிகளை நோயாளி ஆக்குகின்றன. நுரையீரல் நோய்க்கு மருந்து தேடும் படலத்தில் நம் வரப்போரச் செடியின் இனத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது.

காய்ந்த குச்சியில் பட்டாம்பூச்சிக் கூட்டம் ஏன்?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

புரட்டாசி, ஐப்பசியில் கோவைப் பக்கம் வானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரும்பழுப்பில் வெளிர்நீலக் கோடும் புள்ளியுமாக ப்ளூ டைகர், டார்க் ப்ளூ டைகர், கூடவே காமன் க்ரோ என்று பட்டாம்பூச்சிகள் ஒரே திசையில் பறந்துகொண்டே இருக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் நீலகிரி, சிறுவாணி, ஆனைமலைப் பக்கம் போகிற கூட்டம். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் அங்கிருந்து இறங்கி இந்தப் பக்கம் வருகிற கூட்டமும் உண்டு. கோவையிலுள்ள பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் ஆண்டுதோறும் இதைக் குறித்து வைக்கிறார்கள். ஒருபுறம் நீலகிரி, இன்னொருபுறம் சத்தியமங்கலம் மலை, நடுவே அன்னூரின் மேட்டாங்காடு.

இந்தப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் கிலுகிலுப்பையைத் தொடாது. அவை எருக்கங்குடும்பத்துக் கொடிகள், அரளி என்று வேறு இலைகளைத் தின்று வளர்கின்றன. இறக்கை முளைத்த பிறகுதான் கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் தேடி வருகின்றன. வருவதும் தேனுக்காக இல்லை! காய்ந்து, வாடி, ஒடிந்து கிடக்கும் தண்டிலும் இலையிலும் காயிலும் வந்து உட்காருகின்றன. கால் நகத்தால் சுரண்டுகின்றன. உறிஞ்சு குழலிலிருந்து ஒரு துளியைக் கக்கி அந்த இடத்தை நனைத்து, கரைந்து வந்ததை மறுபடி உறிஞ்சுகின்றன. உறிஞ்சுவது அதே நஞ்சை.

வருகிற கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள். ஏன் தெரியுமா? அந்த நஞ்சிலிருந்துதான் பெண்ணைக் கவரும் வாசனையை அவை தயாரிக்கின்றன. அடிவயிற்று நுனியில் உள்ளடங்கி இருக்கும் ஒரு மயிர்க்கற்றையை விரித்துப் பெண்ணின் முகத்தருகே அந்த வாசனையை விசிறும். கிலுகிலுப்பைக் கடைக்குப் போய்வராத ஆணுக்கு வாசனை கிடையாது. வாசனை இல்லாதவனுக்குச் சம்பந்தம் அமைவது கஷ்டம்.

இந்த விஷயம் தெரிந்தால் தோட்டத்தில் ஒரு வித்தை காட்டலாம். பட்டாம்பூச்சி வேண்டும் என்று நர்சரி நர்சரியாக அலைந்து பூச்செடி வாங்குகிறோம். கிலுகிலுப்பையின் ஒரு கொத்தை ஒடித்து, வாடவிட்டு, கை எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வலசைக் காலமாக இருந்தால் கூட்டம் தேடி வரும். செடியை எப்போதும் பச்சையாக, சுத்தமாக, காய்ந்ததையெல்லாம் வெட்டி எறிந்து வைத்திருக்கிற தோட்டத்தில் இந்தக் காட்சி கிடைக்காது. இந்தச் செடியைப் பொறுத்தவரை கொஞ்சம் சோம்பேறித் தோட்டக்காரரே நல்ல தோட்டக்காரர்.

தேள்கொடுக்குக்கும் இது பொருந்தும். பவானியின் உபரிநீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அன்னூர் வட்டாரக் குளங்களும் அதில் உண்டு. தண்ணீர் ஏறி இறங்குகிற குளக்கரை ஈரம் தேள்கொடுக்குக்குப் பிடித்த இடம். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் விடுகிறவர்கள் ஓரமாக ஒரு பத்தடியை விட்டுவைத்தால் பட்டாம்பூச்சிக்குப் புண்ணியமாகப் போகும்.

சிலந்தியே அவிழ்த்துவிடும் அந்து

கிலுகிலுப்பையில் வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சின்ன அந்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பகலிலேயே பறக்கும். யூட்டத்தைசா என்று பெயர். அதன் புழு சணப்பையின் இலையையும் காயையும் தின்னும். வேளாண் புத்தகங்களில் சணப்பையைத் தாக்கும் பூச்சிப் பட்டியலில் இடம் பிடித்தவன்.

இதன் அமெரிக்க உறவுக்காரனை வைத்து கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்தார். கிலுகிலுப்பை தின்று வளர்ந்த அந்து, பெரிய வலைச் சிலந்தியின் வலையில் விழுந்தது. சிலந்தி ஓடி வந்தது, தொட்டுப் பார்த்தது, பிறகு சுற்றியிருந்த இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து அந்தைக் கீழே விட்டுவிட்டது! நஞ்சில்லாத வேறு உணவில் வளர்த்த அந்தை அதே வலையில் போட்டபோது கேள்வி கேட்காமல் தின்றுவிட்டது.

இன்னும் இருக்கிறது. சேரும்போது ஆண் தன் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பொதியாகக் கட்டிப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. அதில் விந்தோடு சத்தும் இருக்கிறது, அந்த நஞ்சும் இருக்கிறது. பெண் அதைத் தன் பங்கோடு சேர்த்து முட்டைகளுக்குப் பூசி அனுப்புகிறது. அப்பன் சொத்தும் அம்மா சொத்தும் விஷமாகவே வந்து சேர்கிற பிள்ளைகள். எந்த ஆணிடம் சொத்து அதிகம் என்பதைப் பெண் வாசனையை வைத்தே கண்டுபிடிக்கிறது.

ராக்வொர்ட்டிலும் இதே நாடகம்தான். அங்கே சினபார் என்றொரு அந்து. கறுப்பு மஞ்சள் பட்டை போட்ட அதன் புழுக்கள் செடியை மொட்டையடித்துவிடும். ராக்வொர்ட் போன நாடுகள் பலவற்றில் களையை ஒழிக்க இந்த அந்தையும் பின்னாலேயே கப்பலேற்றினார்கள். நியூசிலாந்துக்கு 1929-லேயே போய்விட்டது!

வளர்ப்பது எப்படி? கெடுக்காமல் இருந்தால் போதும்

வயலுக்கு என்றால் சணப்பை. ஏக்கருக்குப் பத்து முதல் பதினைந்து கிலோ விதை. ஒரு மழை கிடைத்து மண் ஈரமானதும் தூவி, லேசாக மூடிவிட்டால் போதும். 45 நாள் வாக்கில் பூ தலைகாட்டும்போது மடக்கி உழ வேண்டும். விட்டால் தண்டு நாராகி மக்க அடம்பிடிக்கும். உழுது ஒரு வாரம், பத்து நாள் மக்கவிட்டு அடுத்த பயிரை வைக்கலாம்.

இது பகல் நீளத்தைக் கணக்கு வைத்திருக்கிற செடி, தெரியுமா? பகல் குறையக் குறைய சீக்கிரம் பூக்கும். வைகாசி, ஆனியில் விதைத்தால் ஆளுயரம் போய்த் தழை தரும். ஐப்பசிக்குப் பிறகு விதைத்தால் குட்டையாக நின்று அவசரமாகப் பூத்துக் காய்க்கும். தழை வேண்டுமா, விதை வேண்டுமா என்று பார்த்துப் பட்டத்தை முடிவு செய்யுங்கள்.

வாழை, மஞ்சள், தக்காளி, கத்தரி போடுகிறவர்களுக்கு இன்னொரு லாபம். வேரில் முடிச்சு போடும் நூற்புழு இருக்கிறதே, கண்ணுக்கே தெரியாமல் மகசூலைத் தின்கிற அந்தப் புழு சணப்பை வேருக்குள் நுழையும். ஆனால் அங்கே பெரும்பாலும் குடும்பம் பெருக்க முடியாமல் முடிந்துபோகும். (ரைசோபியம் போட்ட முடிச்சு வேறு, நூற்புழு போட்ட முடிச்சு வேறு. முன்னது கையால் தட்டினால் உதிரும். பின்னது வேரே வீங்கினது, உதிராது. நல்லதைக் கெட்டதென்று நினைத்து மருந்தடிக்கப் போய்விடாதீர்கள்.)

வீட்டுத் தோட்டத்துக்கு என்றால் கிலுகிலுப்பை. பெரிய மஞ்சள் பூ, இதழின் முதுகில் செங்கல் நிறக் கோடுகள். வரப்பிலிருந்து நாலு காய் பறித்தால் விதை கிடைக்கும். தோல் கெட்டியான விதை. சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து ஒரு ராத்திரி ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். ஆணிவேர் செடி என்பதால் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். நிற்க வேண்டிய இடத்திலேயே, முழு வெயிலில், ஒரு முழம் இடைவெளி விட்டு ஊன்றிவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் பார்த்துக்கொண்டால் போதும். தேங்கும் ஈரம் ஆகாது. ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை வைத்துப் புதராகும்.

யூரியா வேண்டவே வேண்டாம். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி வேர்முடிச்சு போடாது. முடிச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றுதான் மேலே பார்த்தோமே, நஞ்சு கிடையாது. நஞ்சில்லாத கிலுகிலுப்பையை எந்தப் பட்டாம்பூச்சி சீந்தும்? ஆக, உரம் போட்டு வளர்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும், பட்டாம்பூச்சி வராது! மொட்டைமாடித் தொட்டியில் புது மண்கலவையில் வளர்க்கிறவர்களுக்கு வேறு சிக்கல்: அதில் ரைசோபியமே இல்லாமல் போகலாம். தட்டைப்பயறு போட்ட காட்டிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்து கலந்துவிடுங்கள். தட்டைப்பயறின் வேரில் குடியிருக்கும் கூட்டமே இதற்கும் ஒத்துவரும்.

செடி செழித்துப் பூத்தும் காய் பிடிக்கவில்லையா? கருவண்டு வரவில்லை என்று அர்த்தம். சணப்பை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அடுத்த செடியிலிருந்து வர வேண்டும். பூவின் அடியிதழ் இரண்டும் சேர்ந்து அலகு மாதிரி மூடியிருக்கும். அதை அமுக்கித் திறக்க எடையுள்ள ஆள் வேண்டும். பட்ட மரத்தில் துளை போட்டுக் குடியிருக்கும் பெரிய கருவண்டு வந்து உட்கார்ந்தால் அலகின் நுனியில் மகரந்தம் நூலாகப் பிதுங்கி அதன் வயிற்றில் ஒட்டும். சின்னத் தேனீக்கு அந்த வலு கிடையாது. பக்கவாட்டில் புகுந்து தேனைத் திருடிக்கொண்டு போய்விடும். ஆகவே சணப்பையோ கிலுகிலுப்பையோ வளர்ப்பவர் செய்ய வேண்டிய பராமரிப்புகளில் ஒன்று, தோட்டத்து மூலையில் காய்ந்த மூங்கிலையோ பட்டுப்போன முருங்கைக் கட்டையையோ எடுத்து எரிக்காமல் இருப்பது. வயல்காரர்கள் மடக்கி உழும்போது வரப்போரம் இரண்டு சால் விட்டுவிட்டால் வண்டுக்கும் சாப்பாடு, அடுத்த போகத்துக்கு விதையும் ஆச்சு.

இந்தக் கூட்டத்துச் சொந்தக்காரர்கள்

சும்மா ஒரு சுற்று பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு கிலுகிலுப்பை இருக்கிறது. அதன் பச்சைப் பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் காம்பில் அலகைக் குத்திக்கொண்டு நிற்கும் தேன்சிட்டு மாதிரியே இருக்கும். ஹம்மிங் பறவை போலவே இருக்கிறது என்று உலகமே படத்தைப் பகிர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ஹம்மிங் பறவையே கிடையாது!

ராக்வொர்ட் பக்கத்துச் சொந்தங்களில் கிளிமஞ்சாரோ மலையின் ராட்சதன் ஒருவன் உண்டு. மரம் மாதிரி பல மீட்டர் வளர்ந்து, பழைய இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு இரவுப் பனியைத் தாங்குகிறான். ஊட்டி மலர்க் கண்காட்சியில் நீலமும் ஊதாவுமாக வரிசை கட்டி நிற்கும் சினரேரியாவும் ராக்வொர்ட்டுக்கு நெருங்கிய உறவு. அன்னூர்ச் சமவெளியில் என்றால் முயற்செவிப் பூண்டு. மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பில் பூத்து நம்மை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான்.

ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் முளைத்த செடி. அதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தோட்டத்தில் வளர்த்தார்கள். அது மதிலேறிக் குதித்து ஊர்ச்சுவர்களில் முளைத்தது. 1844-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயில் வந்தது. தண்டவாளத்தில் போட்ட கரிக்கசடும் ஜல்லியும் அதற்கு எரிமலைச் சரிவு மாதிரியே இருக்க, ரயிலோடு சேர்ந்து நாடு முழுக்கப் பரவிவிட்டது. போன இடத்தில் உள்ளூர்ச் செடியோடு கலந்து புது இனமே உண்டாக்கியது. அப்படி ஒன்றை 1979-ல் யார்க் நகர ரயில் நிலையத்தருகே வண்டி நிறுத்துமிடத்தில் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச வருடங்களில் களைக்கொல்லி அதை அழித்துவிட்டது. யாரோ புத்திசாலித்தனமாக விதையை எடுத்து விதை வங்கியில் வைத்திருந்தார்கள். 2023-ல் அதை முளைக்க வைத்து மறுபடி யார்க் மண்ணில் விட்டார்கள். அழிந்த செடி திரும்பி வந்தது!

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

நஞ்சு என்று சொல்லிவிட்டு மனிதக் கதையைச் சொல்லாமல் போகக் கூடாது. 1975-ல் அப்போதைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா பகுதியில், இன்றைக்கு அது சத்தீஸ்கர், நாலு கிராமங்களில் வயிறு வீங்கி ஆட்கள் விழுந்தார்கள். 67 பேருக்கு நோய். 28 பேர் இறந்தார்கள். காரணம் சாமை! அங்கே கோந்த்லி என்பார்கள். பயிருக்குள் களையாக வளர்ந்த கிலுகிலுப்பை இனத்தின் விதை தானியத்தோடு சேர்ந்து அறுவடையாகி, அடுப்புக்கும் வந்துவிட்டது. ஈரலின் சின்னச் சின்ன இரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டன. அதே பத்தாண்டில் ஆப்கானிஸ்தானில் கோதுமையோடு தேள்கொடுக்கு இனத்து விதை கலந்து ஊர் ஊராக ஈரல் கெட்டது. ஜமைக்காவில் 1950-களில் குழந்தைகளின் ஈரல் நோய்க்குக் காரணம் தேடிய மருத்துவர்கள், கை வைத்தியமாகக் கொடுத்த மூலிகைத் தேநீரில் போய் நின்றார்கள். அதில் போட்ட இலைகள் எவை தெரியுமா? கிலுகிலுப்பை இனமும், ராக்வொர்ட் இனமும்!

அதனால் மூலிகை என்று யார் சொன்னாலும் இந்தச் செடியைக் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். இங்கிலாந்துக் குதிரைக்கு நடப்பதைக் கேட்டால் இன்னும் தெளிவாகும்: பச்சையாக நிற்கும் ராக்வொர்ட்டைக் கசப்புக்குப் பயந்து குதிரை ஒதுக்கிவிடும். வைக்கோலோடு காய்ந்தால் கசப்பு குறைந்துவிடும், நஞ்சு குறையாது. நம் பட்டியிலும் அதே கணக்குதான். இளம் சணப்பையைத் தீவனத்தில் கொஞ்சம் கலந்து போடுகிறவர்கள் உண்டு. காய் பிடித்த செடியும் விதையும் தொட்டிக்குப் போகவே கூடாது; வெள்ளாட்டைக் கிலுகிலுப்பைப் பக்கம் கட்டவும் வேண்டாம்.

விதை எடுக்கிறவர்கள் காய் கலகலக்க ஆரம்பித்ததும் காலைப் பனி காய்வதற்குள் பறித்துவிடுங்கள்; வெயில் ஏறினால் வெடித்துச் சிதறிவிடும், மிச்சத்தை அந்தின் புழு தின்றுவிடும். நிழலில் உலர்த்தி, தூற்றி, டப்பாவில் போட்டு, பெரிய எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள். சாமை, தினை வைக்கிற அலமாரியில் மட்டும் வேண்டாமுங்க. வேறு எங்கே வைத்தாலும் சரி.